4 லட்சம் நாட்களுக்குத் தேதி சொன்ன தமிழர்: யார் இந்த சாமிக்கண்ணு பிள்ளை?

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஏதாவது ஒரு வீட்டுச் சமையலறையை எட்டிப் பாருங்கள். சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். கிழிக்கிற அந்த ஒரே தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, வருஷத்தின் பெயர், கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் இருக்கும். பக்கத்து அறையில் அந்த வீட்டுப் பிள்ளை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, 05/04 என்றால் ஏப்ரல் 5-ஆ, மே 4-ஆ என்று புரோகிராமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு பேர் முன்னாலும் இருப்பது ஒரே பிரச்சினைதான். நாள் ஒன்று, அதை எழுத்தில் காட்டும் விதம் பல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எங்கே தப்பு நடக்கும்?

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, சென்னையில் ஒரு தமிழர் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தார். கி.பி. 700 முதல் 1799 வரை, 1,100 வருஷங்களின் ஒவ்வொரு நாளுக்கும் இந்தியத் தேதி என்ன, ஆங்கிலத் தேதி என்ன என்று பட்டியல் போட்டார். கணக்குப் பார்த்தால் 4 லட்சம் நாட்களுக்கு மேல். அவர் பெயர் எல்.டி. சாமிக்கண்ணு பிள்ளை.

யார் இவர்?

முழுப் பெயர் லூயிஸ் டொமினிக் சாமிக்கண்ணு பிள்ளை. 1865-ல் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் எம்.ஏ., பி.எல்., அதற்கு மேல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எல்எல்.பி. பட்டம். ஆங்கிலேயர் ஆட்சியில் அரசுப் பணியில் சேர்ந்து உயர் அதிகாரியானார். திவான் பகதூர் பட்டமும் கிடைத்தது.

கடைசியில் அவர் உட்கார்ந்த நாற்காலி இன்னும் பெரியது. 1924-ல் சென்னை சட்டமன்றத்தின் தலைவரானார். அப்போது அதற்கு லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில் என்று பெயர். இப்போதைய சபாநாயகர் வேலை மாதிரி. பி. ராஜகோபாலாச்சாரிக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது நபர் இவர். பனகல் ராஜாவின் நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த காலம் அது.

ஆனால் இன்று அவர் பெயரை வைத்திருப்பது சட்டமன்றம் அல்ல, காலண்டர். கல்வெட்டு ஆய்வாளர்களிடம் கேட்டால் பதவி எதையும் சொல்லாமல், சாமிக்கண்ணு பிள்ளை எபிமெரிஸ் என்று புத்தகத்தைத்தான் முதலில் சொல்வார்கள். எபிமெரிஸ் என்றால் நாள்வாரியான வானியல் அட்டவணை. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், 1,100 வருஷத்துக்கு ஒரே பஞ்சாங்கம்.

அப்படி என்ன பெரிய பிரச்சினை?

ஒரு கோயில் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். அதில் இன்ன ராஜாவின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்ன மாதம், வளர்பிறை அல்லது தேய்பிறை, இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம் என்று வரும். அன்றைக்கு வாழ்ந்தவர்களுக்கு அது போதும். 700 வருஷம் கழித்துப் படிப்பவருக்கு அதில் முக்கியமான ஒன்று இல்லை. அது எந்த வருஷம்?

வருஷம் எழுதியிருந்தாலும் தலைவலி தீராது. தமிழ் வருஷப் பெயர்கள் 60 தான். குரோதி வருஷம் சித்திரை 5 என்று ஒரு ஓலையில் இருந்தால், அது 1904-ஆ, 1964-ஆ, 2024-ஆ? மூன்றுமே குரோதிதான். வருஷத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் சேமித்து வைத்து, 2000 பிறக்கும்போது உலகமே பதறியதே, அதே சிக்கல். அங்கே சுற்று 100 வருஷம், இங்கே 60.

சக வருஷம் என்றால் 78 கூட்டணும். ஆனால் சில ஆவணங்கள் முடிந்துபோன வருஷத்தைச் சொல்லும், சில நடந்துகொண்டிருக்கும் வருஷத்தைச் சொல்லும். எது என்று தெரியாவிட்டால் விடை ஒரு வருஷம் தள்ளிப் போகும். எண்ணிக்கையை 0-லிருந்து ஆரம்பிப்பதா, 1-லிருந்தா என்று புரோகிராமர்கள் இன்றும் குழம்புவார்களே, அந்த இடம்தான் இது. கொல்லம் ஆண்டு, விக்ரம ஆண்டு, ஹிஜ்ரி, கலியுக ஆண்டு என்று வரிசை நீளும். ஒவ்வொன்றுக்கும் புத்தாண்டு வேறு வேறு நாள்.

ஆங்கிலத் தேதியாவது நேராக இருக்கிறதா? அதுவும் இல்லை. இங்கிலாந்தில் 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஜூலியன் காலண்டரிலிருந்து கிரிகோரியனுக்கு மாறியதில் நடுவில் 11 தேதிகள் காணாமல் போயின.

திதி ஏன் இவ்வளவு படுத்துகிறது?

கிழமை சுலபம். ஏழு நாள், மாறாத சுற்று. திதி அப்படி இல்லை. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலக எடுக்கும் நேரம்தான் ஒரு திதி. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரி 29.53 நாள். அதற்குள் 30 திதி அடங்கணும். அதனால் சராசரித் திதி ஒரு நாளை விடக் கொஞ்சம் சின்னது, சுமார் 23 மணி 37 நிமிடம்.

இது சராசரிதான். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒரு திதி 20 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். சூரிய உதயத்தில் எந்தத் திதி இருக்கிறதோ அதுவே அந்த நாளின் திதி என்பது வழக்கம். அதனால் சில திதி உதயத்தையே பார்க்காமல் நழுவிவிடும். சில திதி இரண்டு உதயத்தைப் பார்த்துவிடும்.

ஆகவே வெறும் கூட்டல் கழித்தல் போதாது. அந்த நாளில் அந்தத் திதி எத்தனை மணிக்கு முடிந்தது என்பது வரை போகணும். இதை ஒவ்வொரு கல்வெட்டுக்கும் முதலிலிருந்து போட்டால் ஆய்வாளரின் ஆயுள் கணக்கிலேயே போய்விடும்.

முதலில் சூத்திரம், பிறகு பட்டியல்

இந்த வேலையில் சாமிக்கண்ணு பிள்ளை முதல் ஆள் இல்லை. 1825-லேயே ஜான் வாரன் சென்னையில் காலசங்கலித என்ற பெரிய நூலை வெளியிட்டிருந்தார். 1896-ல் ராபர்ட் சிவெல், சங்கர பாலகிருஷ்ண தீட்சித் இருவரும் சேர்ந்து இந்தியன் கேலண்டர் நூலைக் கொண்டுவந்தார்கள். சிவெல் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய அதிகாரி. அந்த நூலை வைத்துத் தேதி கண்டுபிடிக்க முடியும். ஆனால் கணக்கு போடத் தெரிந்திருக்கணும்.

சாமிக்கண்ணு பிள்ளை 1911-ல் இந்தியன் குரோனாலஜி நூலை வெளியிட்டார். கி.மு. 1 முதல் கி.பி. 2000 வரையிலான திதி, நட்சத்திரம், ஜாதகக் குறிப்புகளைச் சரிபார்க்க ஒரு நடைமுறைக் கையேடு. வானியல் படிக்காதவரும் பட்டியலைப் பார்த்து, கூட்டிக் கழித்து விடைக்கு வரணும் என்பதே நோக்கம். இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு ஃபங்ஷன். தேதியைக் கொடுத்தால் படிப்படியாக வேலை செய்து விடை வரும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 1922-ல் அடுத்த கட்டத்துக்குப் போனார். சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட ஆன் இந்தியன் எபிமெரிஸ், ஏழு தொகுதிகள். இதில் கணக்கே போட வேண்டாம். எல்லா நாளுக்கும் முன்கூட்டியே கணக்கு போட்டு அச்சில் ஏற்றிவிட்டார். பக்கத்தைத் திருப்பினால் நாள், கிழமை, திதி, நட்சத்திரம், ஆங்கிலத் தேதி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு முறையும் கணக்கிடுவதை விட, விடைகளை அட்டவணையாகச் சேமித்து வைத்துத் தேடி எடுப்பது வேகம் என்பது எந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் தெரிந்த பாடம். அவர் அதைக் காகிதத்தில் செய்தார்.

இன்னொரு புத்திசாலித்தனமும் அதில் உண்டு. திதி முடியும் நேரத்தை நாழிகை, விநாழிகை என்று எழுதவில்லை. மணி, நிமிடமும் இல்லை. நாளின் தசமப் பங்காகப் போட்டார். உதாரணமாக .62 என்றால், நாள் தொடங்கி நூற்றில் 62 பங்கு கழிந்தபோது திதி முடிகிறது. சூரிய உதயத்தைக் காலை 6 மணி என்று வைத்தால், அது இரவு சுமார் 8.53. நாழிகை வேண்டுமா? 60-ஆல் பெருக்குங்கள், 37 நாழிகைக்குக் கொஞ்சம் மேல். உள்ளே ஒரே எண். வெளியே யாருக்கு எப்படி வேண்டுமோ அப்படி.

இன்றைய புரோகிராமிங் மொழிகள் செய்வதும் இதுவே. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடி என்று உள்ளே ஒரு எண் ஓடும். திரையில் காட்டும்போதுதான் அது தேதியாகவும் நேரமாகவும் உருமாறும். நம் பழைய வானியலாளர்களிடமும் இப்படி ஒரு எண் இருந்தது. கலியுகம் தொடங்கியதாகச் சொல்லப்படும் கி.மு. 3102 பிப்ரவரி 18 முதல் கழிந்த நாட்களை எண்ணி, அதற்கு அகர்கணம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பாண்டியர்களுக்குக் கிடைத்த வருஷம்

இத்தனை பாடும் எதற்கு? பிற்காலப் பாண்டியர்களின் கதையைப் பார்த்தால் புரியும்.

13-ம் நூற்றாண்டுக்குப் பிறகான பாண்டியர் கல்வெட்டுகள் ஏராளம். ஆனால் பெயர்கள் சில மட்டுமே. ஒருவர் ஜடாவர்மன் என்றால் அடுத்தவர் மாறவர்மன். அதற்குள் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன், குலசேகரன் என்ற அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரே பெயரில் எத்தனை ராஜா, யாருக்குப் பிறகு யார் என்று வெறும் பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

இங்கேதான் கிழமையும் திதியும் கை கொடுத்தன. ஒரு கல்வெட்டில் ஆட்சியாண்டு 7, இன்ன மாதம், இன்ன திதி, இன்ன கிழமை என்று இருந்தால், அந்த மாதத்தில் அந்தத் திதி எந்த வருஷமும் வரும். அந்தக் கிழமையோடு சேர்ந்து வருவது ஏறக்குறைய ஏழில் ஒரு வருஷம். மாதத்தின் எத்தனையாவது நாள் என்பதும் நட்சத்திரமும் இருந்தால் இன்னும் பல வருஷங்கள் விழுந்துவிடும். மிஞ்சியவற்றில் எழுத்தின் காலத்துக்கும் மற்றச் செய்திகளுக்கும் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அது உறுதியானால் அங்கிருந்து 7 வருஷம் பின்னால் போனால் முடிசூடிய காலம் தோராயமாகக் கிடைக்கும். அதே ராஜாவின் 12-ம் ஆண்டுக் கல்வெட்டு இன்னொரு எல்லையைத் தரும். இப்படி ஒவ்வொரு கல்லும் வளையத்தைச் சுருக்கும். ஜெர்மானிய அறிஞர்கள் கீல்ஹார்ன், யாக்கோபி, பிறகு சிவெல் ஆகியோர் இந்த வழியில் போனார்கள். முதலாம் ஜடாவர்மன் சுந்தர பாண்டியன் ஆட்சிக்கு வந்தது 1251 என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அது இப்படிக் கிடைத்த விடை. சாமிக்கண்ணு பிள்ளை தன் அட்டவணைகளோடு இதே வரிசையில் சேர்ந்து, பிற்காலப் பாண்டியர் பலரின் காலத்தைக் கணக்கிட்டார்.

அவர் சொன்ன எல்லாமே அப்படியே நின்றுவிடவில்லை. கல்வெட்டு செதுக்கியவர் வளர்பிறையைத் தேய்பிறை என்று மாற்றிப் போட்ட இடங்களும் உண்டு. பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள். 1978-ல் கும்பகோணத்தைச் சேர்ந்த என். சேதுராமன் பாண்டியர் காலவரிசையைக் கணிதத்தால் மறுபடி கட்டித் தனி நூலே எழுதினார். விடைகள் மாறின, வழி மாறவில்லை.

சிலப்பதிகாரத்தில் வந்த சிக்கல்

கையில் இவ்வளவு வலுவான கருவி இருந்தால் எதையும் அளந்து பார்க்கத் தோன்றும். சாமிக்கண்ணு பிள்ளை தமிழ் இலக்கியத்தையும் அளந்து பார்த்தார்.

மதுரை எரிந்த நாளைப் பற்றிச் சிலப்பதிகாரத்தில் ஒரு குறிப்பு உண்டு. ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை. இவை நான்கும் ஒன்றாகச் சேரும் நாளைத் தேடி, அவர் வந்து நின்ற இடம் கி.பி. 756 ஜூலை 23. பரிபாடலின் 11-ம் பாடலில் வரும் கிரக நிலைகளையும் கிரகணக் குறிப்பையும் வைத்து கி.பி. 634 ஜூன் 17 என்றார்.

கணக்கில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். 756 ஜூலை 23 வெள்ளிக்கிழமைதான். ஆனால் தமிழறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்ததாக அதே சிலப்பதிகாரம் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் கதையின் காலத்தை 2-ம் நூற்றாண்டுக்குக் கொண்டு போனார்கள். பரிபாடலை 7-ம் நூற்றாண்டுக்குத் தள்ளுவதும் பலருக்கு ஒப்பவில்லை.

தப்பு எங்கே? கூட்டலில் இல்லை, கொடுத்த தகவலில். பாண்டியர் கல்வெட்டில் ஆட்சியாண்டு இருந்தது, ஒன்றை ஒன்று சரிபார்க்க வேறு கல்வெட்டுகள் இருந்தன. காப்பியத்தில் இருப்பது ஒரே ஒரு குறிப்பு. வருஷம் இல்லை, ஆட்சியாண்டும் இல்லை. கவிஞர் நிஜமாகவே ஒரு நாளைக் குறித்தாரா, கதைக்குப் பொருத்தமான நாளாகச் சொன்னாரா என்பதும் தெரியாது. வருஷம் இல்லாத தேதியைக் கொடுத்தாலும் அட்டவணை ஒரு விடையைத் தரும். அந்த விடை நாள் வரைக்கும் துல்லியமாக இருக்கும். ஆனால் துல்லியமாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது.

இதைக் கம்ப்யூட்டரும் அப்படியே செய்யும். 05/04 என்று கொடுத்தால் அது குழம்பாது, திருப்பிக் கேட்கவும் கேட்காது. தனக்குத் தெரிந்த ஒரு முறையில் படித்து, நம்பிக்கையாக ஒரு தேதியைக் காட்டும்.

அந்தக் காலத்துக்கு அந்தக் கால விதி

சாமிக்கண்ணு பிள்ளையின் முறையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. பழைய தேதிகளுக்கு அவர் நவீன வானியலின் மிகச் சரியான சந்திர நிலையைப் போடவில்லை. அந்தந்தக் காலப் பஞ்சாங்கக்காரர்கள் நம்பிய சித்தாந்த நூல்களின் கணக்கையே போட்டார். ஏனென்றால் கேள்வி, வானத்தில் சந்திரன் எங்கே இருந்தது என்பதல்ல. அன்று கல்வெட்டை எழுதியவர் பஞ்சாங்கத்தில் என்ன பார்த்தார் என்பதுதான்.

இதே விதி இன்று நம் போன் வரைக்கும் வருகிறது, அதுவும் சென்னை வழியாக. பைத்தானில் ஆசியா/கொல்கத்தா நேர மண்டலத்தை வைத்து 1900 ஜனவரி 1-ஐ எழுத்தாக அச்சிட்டுப் பாருங்கள். பின்னால் +05:30 வராது, +05:21:10 என்று வரும். பிழை என்று தோன்றும், ஆனால் பிழை இல்லை. 1906-ல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன்பு புழங்கியது மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கம் வானிலக்கியக் கூடத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணித்த நேரம் அது. இன்றைய நேரத்தை விட 8 நிமிடம் 50 வினாடி பின்னால் ஓடியது. உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவில் அது பத்திரமாக இருக்கிறது. பழைய நேரத்துக்குப் பழைய விதிதான் பொருந்தும் என்பதால் யாரும் அதை அழிக்கவில்லை.

சாமிக்கண்ணு பிள்ளை பிறந்து 40 வயது வரை வாழ்ந்தது அந்த மெட்ராஸ் நேரத்தில்தான்.

கடைசி வருஷங்கள்

ஏழு தொகுதிகள் வந்து மூன்றே வருஷம். 1925 செப்டம்பரில், சட்டமன்றத் தலைவர் பதவியில் இருந்தபோதே காலமானார். வயது 60. தமிழ் வருஷ சுற்று ஒன்று முழுசாக முடியும் வயது.

அப்போது ராஜா அண்ணாமலைபுரம் என்ற பெயரே சென்னையில் கிடையாது. அண்ணாமலைச் செட்டியாருக்குச் செட்டிநாட்டு ராஜா பட்டம் கிடைத்ததே 1929-ல். ஊரின் பெயர்கள் மாறின, ஆட்சிகள் மாறின, நேரமும் மாறிவிட்டது. சாமிக்கண்ணு பிள்ளையின் அட்டவணை மட்டும் கல்வெட்டு ஆய்வாளர் மேஜையில் இருக்கிறது. இன்று அதே வேலையைச் சில வரி கோடில் செய்யலாம். அப்போதும் விடையைச் சரிபார்க்க அந்தத் தொகுதிகளைப் புரட்டுபவர்கள் உண்டு.

தேதியோடு தினமும் வேலை பார்க்கிறவர்களுக்கு அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், எழுதாமல் விட்டதை அது மீட்டுத் தராது. பாண்டியர் காலத்துக் கல்தச்சர் ஆட்சியாண்டையும் கிழமையையும் சேர்த்துச் செதுக்கினார், அதனால் 700 வருஷம் கழித்தும் நாள் கிடைத்தது. காப்பியத்தில் வருஷம் இல்லை, அதனால் சண்டை இன்னும் தீரவில்லை. ஆக, அடுத்த முறை ஃபைல் பெயரிலோ, டேட்டாபேஸிலோ, ஆபீஸ் மெயிலிலோ தேதி போடும்போது வருஷத்தை நாலு இலக்கத்தில் எழுதுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். வெளிநாட்டுக்காரர் படிப்பார் என்றால் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பின்னால் வருகிறவருக்கு ஏழு தொகுதி தேவைப்படாது.